ஞாயிற்றுக்கிழமை வந்த வழி

கொங்கு நாட்டுக் குடியானவனுக்கு அந்நாளில் ஞாயிற்றுக்கிழமை என்று தனியாக ஒரு விடுமுறை கிடையாது. அமாவாசையன்று ஏர் பூட்ட மாட்டான். சந்தை நாளில் வண்டி கட்டுவான். மாரியம்மன் நோம்பி வந்தால் வேலையை ஒதுக்கி வைப்பான். அவனுடைய ஓய்வு மாட்டையும் மழையையும் அனுசரித்து வந்தது.

பிறகு ஆலைச் சங்கு ஊதியது. 1888-இல் ஸ்டேன்ஸ் துரையின் நூற்பாலை கோயம்புத்தூரில் தோன்றியது. இயந்திரத்துக்கு அமாவாசை ஏது? மாடு களைத்தால் நின்றுவிடும், இயந்திரம் நிற்காது. ஆகவே மனிதர்கள் ஓய்வைக் கேட்டு வாங்க வேண்டியதாயிற்று. 1890-இல் பம்பாய் ஆலைத் தொழிலாளர்கள் நாராயண மேகாஜி லோகாண்டேயின் தலைமையில் ஞாயிறு விடுமுறையைப் பெற்றார்கள். அடுத்த ஆண்டே தொழிற்சாலைச் சட்டத்தில் வார விடுமுறை இடம் பெற்றது. ஆனால் சட்டப் புத்தகத்தில் ஏறியதெல்லாம் உடனே ஆலைக்குள் நுழைந்துவிடுமா?

1908 பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு வார விடுமுறையையும் கேட்டார்கள். வ.உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றார்கள். ஒன்பது நாட்களில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, ஞாயிறும் கிடைத்தது. அடுத்த சில நாட்களில், மார்ச் 12-ஆம் தேதி, பிள்ளையவர்கள் கைது செய்யப்பட்டார். ராஜத் துரோக வழக்கில் இரட்டை ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் அது குறைந்தது என்றாலும், 1908 ஜூலை முதல் 1910 முடியும் தறுவாய் வரையில் அவர் அடைபட்டிருந்தது நம் கோயம்புத்தூர்ச் சிறையில்தான். முதலில் சணல் இயந்திரத்தைச் சுற்றி உள்ளங்கைத் தோல் உரிந்தது. அப்புறம் மாட்டுக்குப் பதிலாகச் செக்கில் பூட்டினார்கள். கப்பல் ஓட்டியவர் வட்டம் சுற்றினார்.

அந்தச் சிறைக்குப் பக்கத்திலேதான் அவர் பெயர் தாங்கிய பூங்கா இருக்கிறது. ஞாயிறு மாலைகளில் நான் அங்கே உலாவப் போவதுண்டு. ஆலை வேலைக்காரர், பட்டறைக்காரர், கடைச் சிப்பந்தி எல்லோரும் குடும்பத்தோடு வருகிறார்கள். சுண்டலைக் கொறித்துக்கொண்டு, வெயில் தாழ்கிற வரையில் மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். விரட்டுகிறவன் இல்லாமல் நடப்பது எவ்வளவு பெரிய பாக்கியம் என்பது அந்த இடத்தில் எனக்கு நன்றாக விளங்குகிறது.

வீடு திரும்பினால் ராத்திரிக்கு மத்தியானத்து மிச்சம்தான். ஆறிய சோற்றில் மோர். தொட்டுக்கொள்ளக் கடைந்த கொள்ளுப் பருப்பு. கூட நாலு சின்ன வெங்காயம். கம்பஞ்சோற்றை ஆக்கி, மிச்சத்தைத் தண்ணீரில் போட்டு, மறுநாள் மோர் விட்டுக் கரைத்துக் குடித்த நாடு இது. காட்டு வேலைக்குப் போகும் பெண்பிள்ளை ஒரு தரம் ஆக்கிப் பல வேளைக்கு ஒப்பேற்றிய சாமர்த்தியம் அது. அதை ஏழ்மை என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. தனக்கென்று கொஞ்சம் பொழுதை அவள் மிச்சம் பிடித்த வழியும் அதுதான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஆலைக்கு ஞாயிறு எழுதிய சட்டம் அடுப்பங்கரைக்கு ஒன்றும் எழுதவில்லை. அங்கே ஞாயிறுதான் வேலை மிகுந்த நாள்: கறி எடுக்கும் நாள், விருந்தாளி வரும் நாள், பலகாரம் கேட்கும் நாள். மத்தியானச் சோறே ராத்திரிக்கும் என்று வைத்துக்கொண்டால், அடுப்பை அணைத்துவிட்டு வீட்டுப் பெண்களும் பூங்காவுக்கு வரலாம். பழையது வேண்டாம், சுடச்சுட வேண்டும் என்று ஞாயிறு இரவு அதிகாரம் செய்கிற ஆண்பிள்ளை, 1908-இல் தூத்துக்குடியில் இருந்திருந்தால் எந்தப் பக்கம் நின்றிருப்பான் என்று ஒரு கணம் யோசித்துப் பார்க்கட்டும்.