வகுப்பறைக் கதவும் பஸ் கதவும்

பள்ளிச் சுற்றுலாவுக்கு நாள் குறித்தாயிற்று. மாணவர் எல்லாரும் கட்டணம் செலுத்திவிட்டனர். ஆட்டிசம் உடைய மாணவன் ஒருவனின் தாயாரை மட்டும் தனியே அழைத்து, "அன்றைக்கு அவனை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள், அம்மா, கூட்டமும் இரைச்சலும் அவனுக்கு ஒத்துவராது" என்கின்றனர். சொல்லில் கடுமை இல்லை, பரிவும் இருக்கலாம். ஆயினும் பஸ் புறப்படும்போது அவன் ஒருவனே அதில் இல்லை. இதனைப் பரிவு எனக் கொள்வதா, விலக்கு எனக் கொள்வதா? இவ்வினாவுக்குச் சட்டத்தின் வாயிலாக விடை காண முயன்ற நாடுகளுள் இங்கிலாந்தும் ஒன்று. வகுப்பறைக் கதவு திறந்த பின்னர், பஸ் கதவு திறக்க அங்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

எல்லாருக்கும் இடைநிலைக் கல்வி தந்தது என்று 1944-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தைப் போற்றுவர். அதே சட்டத்தின் 57-ஆம் பிரிவு சில பிள்ளைகளைப் 'பள்ளியில் கல்வி பெற இயலாதவர்' எனப் பிரித்து வெளியே நிறுத்தியதை அவ்வளவாகப் பேசுவாரில்லை. 1959-இல் 'இயலாதவர்' என்பது 'பொருந்தாதவர்' என மாறிற்று. சொல் மென்மையாயிற்று; பிள்ளைகள் இருந்த இடம் மாறவில்லை. கல்வித் துறைக்குப் புறம்பாய், சுகாதாரத் துறையின் பொறுப்பில், பயிற்சி நிலையங்களில் ஏறத்தாழ 24,000 பேரும் மருத்துவமனைகளில் ஏறத்தாழ 8,000 பேரும் இருந்தனர். ஆட்டிசம் உடையோர் பலரும் இவர்களுள் அடங்குவர்.

ஆட்டிசம் என்னும் நிலையை 1943-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து மருத்துவர் லியோ கானர் 11 பிள்ளைகளை ஆராய்ந்து விளக்கியிருந்தார். மருத்துவர் பெயரிட்ட பின்னும் பள்ளிகள் இடம் தரவில்லை. 1962-இல் லண்டனில் பெற்றோர் சிலர் கூடிச் சங்கம் கண்டனர். அதே ஆண்டில் சிபில் எல்கர் என்னும் ஆசிரியை தம் வீட்டின் நிலவறையில் இத்தகைய பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லத் தொடங்கினார். 1965-இல் ஈலிங் என்னுமிடத்தில் சங்கத்தின் பள்ளி எழுந்தது. அரசு செய்யாததை ஒரு வீட்டின் நிலவறை செய்தது.

1970-இல் இரு சட்டங்கள் பிறந்தன. ஒன்று, 57-ஆம் பிரிவின் விலக்கை நீக்கி, 1971 ஏப்ரல் முதல் அப்பிள்ளைகள் அனைவரையும் கல்வித் துறையின் பொறுப்பாக்கியது. மற்றொன்று, நெடுநோயாளரும் உடற்குறையுடையோரும் பற்றிய சட்டம். இதன் 26-ஆம் பிரிவு ஆட்டிசத்தைப் பெயர் சுட்டியே குறித்து, அப்பிள்ளைகளின் கல்வியை, 'நடைமுறையில் இயலும் அளவுக்கு', அரசு உதவி பெறும் பள்ளிகளில் அளிக்குமாறு கூறிற்று. இந்தச் சிறு தொடரை வாசகர் நினைவில் வைத்தல் வேண்டும்.

1978-இல் மேரி வார்னாக் தலைமையில் அமைந்த குழுவின் அறிக்கை வெளிவந்தது. பிள்ளைகளை ஒன்றுசேர்ப்பதில் அது மூன்று வகை கண்டது. ஒரே வளாகத்தில் இருத்தல் முதல் வகை. உண்பதிலும் விளையாடுவதிலும் வகுப்புக்கு வெளியேயுள்ள செயல்களிலும் கூடியிருத்தல் இரண்டாவது. பாடத்தையே சேர்ந்து கற்றல் மூன்றாவது. சுற்றுலா இரண்டாம் வகையைச் சேர்ந்தது. பாட நேரத்தில் ஒரே அறையில் இருந்தும் பஸ்ஸில் ஏறாத பிள்ளை, இக்கணக்கின்படி, பாதியே சேர்க்கப்பட்டவன்.

இவ்வறிக்கையைத் தழுவிய 1981-ஆம் ஆண்டுச் சட்டம், பொதுப் பள்ளியில் பயிலும் சிறப்புத் தேவையுடைய பிள்ளை பள்ளியின் செயல்களில் மற்றப் பிள்ளைகளோடு ஈடுபட வகைசெய்தல் வேண்டும் என்றது. அதற்கு வரம்புகளும் வைத்தது: பிறர் கல்வி கெடலாகாது, பொருளும் ஆளும் வீணாதல் கூடாது, நடைமுறையில் இயலுவதாகவும் இருத்தல் வேண்டும். வரம்பே இல்லாமல் சட்டம் செய்ய முடியாது என்பதை ஒப்புகிறேன். நாற்பது பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்ற எந்த ஆசிரியரும் இதனை அறிவார். ஆனால் இயலுமா, இயலாதா என்று தீர்மானித்தவர் தலைமையாசிரியர். 'இயலாது' என்று அவர் சொன்னால் காரணம் காட்டும் கடமையைச் சட்டம் அழுத்திக் கூறவில்லை.

1995-இல் உடற்குறையுடையோர்க்கு எதிரான பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் வந்தது. கடைக்கும் விடுதிக்கும் பொருந்திய அது கல்வியை விலக்கிவைத்தது. எனினும் 2002-இல் பிரெஸ்டன் நகர நீதிமன்றத்தில் ஒரு வழக்கு வென்றது. நீரிழிவு நோயுடைய மாணவன் ஒருவனைப் பள்ளியின் நீர் விளையாட்டுப் பயணத்தில் சேர்க்க மறுத்தது சட்டவிரோதப் பாகுபாடு என்று தீர்ப்பாயிற்று. அவன் நோய் வேறு. மறுக்கப்பட்ட இடம் இதே பஸ்.

அவ்வாண்டு செப்டம்பரில் கல்வி விலக்கும் நீங்கியது. பள்ளிகளுக்கென வெளியிடப்பெற்ற விதிக்கோவை, சட்டம் தழுவும் செயல்களின் பட்டியலில் சுற்றுலாவை வெளிப்படையாகவே சேர்த்தது. நியாயமான மாற்றங்களை முன்கூட்டியே எண்ணிச் செய்வது பள்ளியின் கடமையாயிற்று. பயணநாள் காலையில் யோசிப்பது போதாது. இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே யோசித்தல் வேண்டும். ஆட்டிசம் உடைய பிள்ளையை வருத்துவது பெரும்பாலும் பயணமன்று. அடுத்து என்ன நிகழும் என்று தெரியாமையே. அமெரிக்காவின் வட கரோலினாவில் எரிக் ஷாப்லர் 1972 முதல் நடத்திய திட்டம் நாளின் நிகழ்ச்சிகளைப் படங்களாய் வரிசைப்படுத்திக் காட்டும் முறையைப் பரப்பிற்று. பஸ், போகும் இடம், உண்ணும் மேசை, வீடு திரும்பும் வாசல் என நான்கைந்து படங்களை முன்னதாகவே காட்டிவைத்தால் தெரியாத நாள் தெரிந்த நாளாகிவிடும். செலவு சில அட்டைகளே.

ஆயினும் ஓர் ஓட்டை எஞ்சியது. பிறரைத் தாக்கும் இயல்பு எவ்வகைக் குறைபாட்டின் விளைவாயினும், பாதுகாப்பு அதனைத் தழுவாது என்று துணைவிதி ஒன்று கூறிற்று. 2010-ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின் விதிகளிலும் அது நீடித்தது. "அவன் அடித்துவிடுவான்" என்ற அச்சமே பல மறுப்புகளுக்கு அடிப்படை அன்றோ? ஆட்டிசம் உடைய சிறுவன் ஒருவனை அவனது 11-ஆம் வயதில் பள்ளி இடைநீக்கம் செய்தது. அவன் பெற்றோர் வழக்கிட்டனர். முதல் தீர்ப்பாயத்தில் தோற்றனர். 2018 ஆகஸ்டில் மேல் தீர்ப்பாய நீதிபதி அலிசன் ரௌலி, கல்வித் துறையில் அத்துணைவிதி மனித உரிமைக்கு ஒவ்வாது எனத் தீர்த்தார். அத்தகைய நடத்தை அப்பிள்ளை தேர்ந்துகொண்ட குற்றமன்று என்பது அத்தீர்ப்பின் உட்கிடை. அதன்பின் பள்ளி மறுப்பதாயின், தான் செய்தது நியாயமே என்று காரணத்தோடு நிறுவவேண்டியதாயிற்று.

இனி நம் நாடுகள். சிங்கப்பூரின் கட்டாயக் கல்விச் சட்டம் 2003-இல் நடைமுறைக்கு வந்தபோது சிறப்புத் தேவையுடைய பிள்ளைகளுக்கு விலக்களித்திருந்தது. 2019 முதல் அவர்களையும் தழுவுகிறது. மலேசியக் கல்வியமைச்சும் அதே 2019-இல், எப்பிள்ளையையும் திருப்பியனுப்பலாகாது என்னும் கொள்கையை மேற்கொண்டது. இவ்விரண்டும் திறந்தவை வகுப்பறைக் கதவை. பஸ் கதவைத் திறப்பது இன்றும் பெரும்பாலும், பயணப் பட்டியலைக் கையில் வைத்திருக்கும் ஆசிரியரிடமே இருக்கிறது.