ஈமானும் இங்கிலீஷுப் படிப்பும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம்மவர்கள் ஆங்கிலக் கல்வியைப் புறக்கணித்துப் பின்தங்கினார்கள் என்று மேடைகளில் இலகுவாகச் சொல்லிவிடுகிறோம். அன்றைய வாப்பாமாரின் இடத்தில் நின்று யோசிப்பவர் மிகக் குறைவு. ஆங்கிலம் படிக்கப் பெரும்பாலும் மிஷன் பாடசாலைக்கே போக வேண்டியிருந்தது. அங்கே பைபிள் பாடமும் வழிபாடும் படிப்போடு பிணைந்திருந்தன. மதம் பரப்புவது தமது நோக்கம் என்பதை மிஷனரிமார் மறைக்கவுமில்லை. பிள்ளைக்கு உத்தியோகம் கிடைக்கும். கலிமாவோடு வீடு திரும்புவானா? நியாயமான பயம்தான்.

இப்பயம் மற்றவர்களுக்கும் இருந்தது. ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்து மெதடிஸ்த பாடசாலையில் படித்தவர்; பேர்சிவல் பாதிரியாரின் பைபிள் மொழிபெயர்ப்புக்கு உதவியவர். அவரே 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பாடசாலை தொடங்கினார். கொழும்பில் பௌத்தர்கள் 1886இல் தொடங்கிய பாடசாலை ஆனந்தாக் கல்லூரியாயிற்று.

நம்மில் இவ்வழியைக் கண்டவர், கண்டியில் 1838இல் பிறந்த சட்டத்தரணி எம்.சி. சித்திலெப்பை. 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை ஆரம்பித்தார். ஆங்கிலமும் அறபும் தமிழும் நம் பிள்ளைகளுக்கு வேண்டும், அவற்றை நம் பாடசாலையிலேயே அவர்கள் படிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அடுத்த ஆண்டு எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு வந்த ஒறாபி பாஷா அவருக்குப் பக்கபலமானார். ஆங்கிலேயரோடு போரிட்டுத் தோற்ற ஒருவரே ஆங்கிலக் கல்விக்கு ஆதரவாய் நின்றது பலரது தயக்கத்தைக் கரைத்திருக்கும் என்பது என் எண்ணம்.

1892 ஆகஸ்டில் மருதானைப் பள்ளிவாசலை அண்டி அல்மத்ரஸத்துஸ் ஸாஹிறா திறக்கப்பட்டது. அதற்குக் கைகொடுத்த வாப்பிச்சி மரைக்கார், கொழும்பு நூதனசாலையைக் கட்டிய ஒப்பந்தகாரர். 1877இல் அது திறக்கப்பட்டபோது என்ன வெகுமதி வேண்டும் என்று தேசாதிபதி கிறகெறி கேட்க, "வெள்ளிக்கிழமைகளில் இதை மூடிவையுங்கள், அதுபோதும்" என்றாராம். நம் வீடுகளில் சொல்லப்படும் கதை இது. நூதனசாலை நெடுங்காலம் வெள்ளிதோறும் மூடப்பட்டிருந்தது மட்டும் உண்மை. கொழும்பு பார்க்க வந்து, பூட்டிய படலையைக் கண்டு திரும்பியவர்களில் நானும் ஒருவன்.

சித்திலெப்பைக்கு வெளியாரின் எதிர்ப்பைவிட உள்ளிருந்து வந்த எதிர்ப்பே அதிகம் நோவு தந்திருக்கும். பிள்ளைகளின் ஈமானைக் காக்கப் பாடசாலை தேடி அலைந்த மனிதரின் ஈமானையே சிலர் சந்தேகித்தார்கள். 1897இல் வெளிவந்த அவரது 'அஸ்றாறுல் ஆலம்' என்ற ஞான நூல் பெரும் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. மறு ஆண்டு பெப்ரவரியில் அவர் வபாத்தானார். ஸாஹிறாவுக்கு அப்போது ஆறு வயதுகூட நிரம்பவில்லை.