பீச் ஸ்டேஷனும் ஒரு சீசன் டிக்கெட்டும்

மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். பேராசிரியர்களைப் பற்றி எழுதப் பலர் இருப்பதால், நான் கடற்கரை ரயில் நிலையத்தை எடுத்துக்கொண்டேன். நமக்கெல்லாம் அது பீச் ஸ்டேஷன்தானே!

கடற்கரை - தாம்பரம் மின்சார ரயில் 1931-ல் ஓடத் தொடங்கியது. தென்னிந்தியாவில் அதுவே முதல் மின்சார ரயில். மீட்டர் கேஜ் பாதை. 1,500 வோல்ட் நேர்மின்சாரம். 1960-களில் அது 25,000 வோல்ட் மாறுமின்சாரமானது.

உயரதிகாரிகளுக்கும் பாரிமுனை வியாபாரிகளுக்கும் அந்த வண்டி வசதி. எங்களுக்கோ அதுதான் படிப்பே. ஹாஸ்டலுக்குக் கட்டப் பணமில்லாத பல்லாவரம், குரோம்பேட்டை வீடுகளிலிருந்து, குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குக் கிளம்பிய பையன்கள் மாணவர் சீசன் டிக்கெட்டை நம்பித்தான் வந்தோம். ஃபுட்போர்டில் தொங்கியபடியே பாடம் ஒப்பித்தவர்களும் உண்டு. (செய்யாதீங்க தம்பிகளா!)

2004 ஜூலையோடு மீட்டர் கேஜ் மின்சார ரயில் நின்றது. அகலப் பாதையில் இடம் கூடியதை மறுக்க முடியாது.

எழும்பூர் வரையிலான நான்காவது பாதைப் பணிக்காக 2023 ஆகஸ்டில் வேளச்சேரி பறக்கும் ரயிலைச் சிந்தாதிரிப்பேட்டையோடு நிறுத்தினார்கள். 2024 அக்டோபரில்தான் அது மறுபடி பீச்சுக்கு வந்தது. அதுவரை இறங்கி, பஸ் மாறி வந்த மாணவர்களுக்கு நேரமும் போச்சு, காசும் போச்சு. இந்த வண்டி யாருக்கு அவசியம் என்று அவர்களைக் கேட்டால் போதும்.