கலவரம் கமிட்டியான கதை

இங்கிலாந்தின் தென்கிழக்கே உள்ள சசெக்ஸ் வட்டாரத்தில், செப்டம்பர் பிறந்ததிலிருந்து நவம்பர் முடியும்வரை சனிக்கிழமை இரவுகள் தீப்பந்தத்துக்கு உரியவை. இந்த வாரம் ஓர் ஊர், அடுத்த வாரம் பக்கத்து ஊர் என்று முறைவைத்து ஊர்வலம் போவார்கள். ஊர்க்கோடி வயலில் ஆளுயரத்தைத் தாண்டி அடுக்கிய விறகுக்குத் தீ வைப்பார்கள். வாணவேடிக்கை முடிந்ததும் கலைவார்கள். இதை நடத்துவது நகராட்சியும் அல்ல, தேவாலயமும் அல்ல. ‘பான்ஃபயர் சொசைட்டி’ எனப்படும் நெருப்புச் சங்கங்கள். தலைவர், செயலாளர், பொருளாளர், சந்தா, ஆண்டுப் பொதுக்கூட்டம் என்று ஒரு சங்கத்துக்கு உரிய எல்லாம் அவற்றில் உண்டு. ஒரு காலத்தில் நீதிபதியையே அடித்து வீழ்த்திய கூட்டம், ரசீதுப் புத்தகமும் காப்பீட்டுப் பத்திரமுமாக நடக்கும் அமைப்பாக மாறியதுதான் இவற்றின் வரலாறு.

நவம்பர் 5 என்ற நாள் அரசே கொடுத்தது. கத்தோலிக்கர்மீதான ஒடுக்குமுறையை முதலாம் ஜேம்ஸ் மன்னர் தளர்த்துவார் என்று எதிர்பார்த்து ஏமாந்த சிலர், ராபர்ட் கேட்ஸ்பி என்பவர் தலைமையில், மன்னரையும் நாடாளுமன்றத்தையும் ஒருசேரத் தகர்க்கத் திட்டமிட்டனர். 1605 நவம்பர் 4 நள்ளிரவை ஒட்டி, பிரபுக்கள் சபைக்குக் கீழிருந்த நிலவறையில் 36 பீப்பாய் வெடிமருந்தோடு கை ஃபாக்ஸ் பிடிபட்டார். மன்னர் பிழைத்த மகிழ்ச்சியில் லண்டன் மக்கள் மறுநாளே தெருவில் தீ மூட்டினர். அடுத்த சில மாதங்களில் நாடாளுமன்றம் சட்டமே இயற்றியது: ஆண்டுதோறும் நவம்பர் 5 அன்று எல்லா ஆலயங்களிலும் நன்றி வழிபாடு நடக்க வேண்டும். 1859இல் நீக்கப்படும்வரை அந்தச் சட்டம் நடப்பில் இருந்தது. இரண்டரை நூற்றாண்டுக் காலம் காலையில் பாதிரியார் வழிபாடு நடத்தினார், மணியடித்தவர்களுக்குப் பங்குக் கணக்கிலிருந்து கூலி போனது, இரவில் இளைஞர்கள் தீ மூட்டினர். ஒரே நாளுக்குப் பகலில் ஒரு முகம், இரவில் வேறொரு முகம். அதிகாரிகளுக்குத் தலைவலி வந்தது இரவு முகத்தால்.

சசெக்ஸில் இந்த நெருப்புக்கு இன்னொரு பழைய கணக்கும் உண்டு. கத்தோலிக்கரான மேரி அரசியின் ஆட்சியில், 1555க்கும் 1557க்கும் இடையே, லூயிஸ் நகரில் 17 புராட்டஸ்டன்டுகள் உயிரோடு எரிக்கப்பட்டனர். அவர்களில் முதலில் எரிக்கப்பட்டவர் பிரைட்டனில் பீர் காய்ச்சும் தொழில் செய்த டெரிக் கார்வர். 1557 ஜூன் 22 அன்று, வார்பிள்டனைச் சேர்ந்த இரும்பாலை முதலாளி ரிச்சர்ட் உட்மன் உட்படப் 10 பேர் ஒரே தீயில் எரிக்கப்பட்டனர். அப்போது ஸ்டார் விடுதி இருந்த அந்த இடத்தில் இன்று நகர மண்டபம் நிற்கிறது. மேஃபீல்ட் கிராமத்திலும் 1556இல் நால்வர் இப்படி இறந்தனர். இந்த நினைவு அறுபடாமல் தொடர்ந்து வந்ததாகச் சங்கத்தார் சொல்வதை அப்படியே ஏற்கத் தேவையில்லை. 17 பேருக்கும் 17 எரியும் சிலுவைகளைச் சுமப்பது போன்ற சடங்குகள், 19ஆம் நூற்றாண்டின் சமயப் பூசல்களில் பழைய நினைவு மீண்டும் கிளறப்பட்ட பிறகு உருவெடுத்தவை. லூயிஸுக்கு மேலே குன்றில் நிற்கும் நினைவுத் தூணே 1901இல்தான் எழுப்பப்பட்டது.

வெடிமருந்துக்கும் இந்த வட்டாரத்தில் பஞ்சமில்லை. பேட்டில் என்ற சிற்றூரைச் சுற்றி 1676 முதல் 1874 வரை வெடிமருந்து ஆலைகள் ஓடின. அங்கே அரைத்த மருந்துக்கு ஐரோப்பாவெங்கும் பெயர் இருந்தது. கைக்கு எட்டும் தூரத்தில் மருந்து கிடைத்ததால் உள்ளூர்க்காரர்கள் தாங்களே வெடி கட்டினார்கள். ‘ரவுசர்’ என்று பேர்போன ஒரு வகை, தரையில் சீறிக்கொண்டு ஓடி, கால்களுக்கிடையே புகுந்து, கடைசியில் வெடிக்கும். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் சாக்குத் துணியைக் காலில் சுற்றிக்கொண்டு வருவார்களாம். 1875ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம் வீட்டுத் தயாரிப்பை இறுக்கிப் பிடித்தது. பேட்டிலின் நெருப்புக் குழு, தானே எல்லாவற்றிலும் மூத்தது என்று இன்றும் சொல்லிக்கொள்கிறது.

19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் நவம்பர் 5 இரவுக்கு நிர்வாகிகள் கிடையாது. முகத்தில் கரி பூசிய இளைஞர்கள் எரியும் தார்ப் பீப்பாய்களைத் தெருவில் இழுத்து ஓடினர். நெருப்பு நடுத்தெருவில், வீடுகளுக்கு நடுவே எரிந்தது. காசு வசூலும் உண்டு. கொடுக்காதவன் வீட்டு வேலி அன்றிரவு விறகாகிவிடும். 1846இல் தடுக்க வந்த நீதிபதி ஒருவர் அடிபட்டு விழுந்தார். மறு ஆண்டு லூயிஸுக்கு லண்டனிலிருந்து காவலர் வரவழைக்கப்பட்டனர். கூட்டத்தைக் கலையச் சொல்லிக் கலகத் தடுப்புச் சட்டம் வாசிக்கப்பட்டது. தடியடியோடு தெரு காலியாயிற்று. நெருப்பை ஊருக்கு வெளியே கொண்டுபோகச் செய்தார்கள். அத்தோடு அடங்கியிருக்கவும் கூடும். ஆனால் 1850இல் போப், இங்கிலாந்தில் கத்தோலிக்க ஆயர் ஆட்சியை மீண்டும் நிறுவினார். நாடெங்கும் ஆத்திரம் கிளம்பியது. போப்பின் உருவமும், அந்த ஆட்சிக்குத் தலைமையேற்ற கார்டினல் வைஸ்மனின் உருவமும் ஊர் ஊராக எரிந்தன. நேற்றுவரை நெருப்பை எதிர்த்த கடைக்காரர்களும் கனவான்களும் இப்போது அதைத் தேசப்பற்றாகப் பார்த்தனர். லூயிஸின் நெருப்பு மறுபடி ஊருக்குள் வந்தது.

இந்தச் சூழலில்தான் சங்கம் பிறந்தது. 1853இல் லூயிஸ் பரோ, க்ளிஃப் என இரண்டு சங்கங்களும், 1855இல் கமர்ஷியல் ஸ்குவேர் சங்கமும் அமைந்தன. ஏற்பாடு எளியது: தெருவில் ஊர்வலம் போக விடுங்கள், ஒழுங்குக்கு நாங்கள் பொறுப்பு. மிரட்டி வாங்கிய காசு சந்தாவாயிற்று. அடையாளம் தெரியாமலிருக்கப் பூசிய கரியும் போட்ட பழந்துணியும் அலங்கார வேடமாயின. கடத்தல்காரர் உடையை நினைவூட்டும் பட்டைக்கோடு பின்னல் சட்டை சீருடையாயிற்று. அதன் நிறத்தைப் பார்த்தே எந்தச் சங்கம் என்று சொல்லிவிடலாம். க்ளிஃபுக்குக் கறுப்பும் வெள்ளையும், பரோவுக்கு நீலமும் வெள்ளையும், கமர்ஷியல் ஸ்குவேருக்குக் கறுப்பும் பொன்னிறமும். பீப்பாயும் விட்டுப்போகவில்லை: க்ளிஃப் சங்கத்தார் இன்றும் எரியும் தார்ப் பீப்பாயை இழுத்து ஓடி, ஊஸ் ஆற்றில் தள்ளுகிறார்கள். நீதிபதிகளை ஆற்றில் எறிந்ததன் நினைவு அது என்பது உள்ளூர்க் கதை. சங்கம் என்ற கவசம் அமையாத ஊர்களில் கதை வேறு. சர்ரி வட்டாரத்துக் கில்ட்ஃபோர்டிலும் இதே போன்ற கூட்டம் இருந்தது. 1860களில் அதை அடக்கி ஒழித்தார்கள். சசெக்ஸ்காரர்கள் எவர் விரட்டியும் ஓடாதவர்கள் என்று பெருமை பேசுவதுண்டு. நெருப்பைக் காப்பாற்றியதில் அந்தப் பிடிவாதத்தைவிட நிர்வாகக் குழுவுக்கே பங்கு அதிகம்.

லூயிஸைப் பார்த்துக் கிராமங்களும் சங்கம் வைத்தன. ஃபெர்ல், நியூயிக், பார்கம், ஈஸ்ட் ஹோத்லி, மேஃபீல்ட் என்று பட்டியல் நீளும். சில சங்கங்கள் நின்று பிறகு துளிர்த்தவை; இரண்டு உலகப்போர்களும் எல்லாவற்றையும் நிறுத்தின. ஒவ்வொரு கிராமத்துக்கும் தனித்தனித் தேதி வைத்ததில் கணக்கு இருக்கிறது. ஒரு சிற்றூரால் தனியாக நூற்றுக்கணக்கானோர் நடக்கும் ஊர்வலத்தைத் திரட்ட முடியாது. மேஃபீல்ட் செப்டம்பரிலும் நியூயிக் அக்டோபர் கடைசியிலும் வைத்தால், ஒருவருக்கொருவர் சீருடையோடு போய் நடந்து பலம் சேர்க்கலாம். கல்யாண வீட்டு மொய்போல, வந்து நடந்தவர்களுக்குத் திரும்பப் போய் நடந்தாக வேண்டும். போகாத சங்கத்தின் ஊர்வலம் அடுத்த ஆண்டு மெலிந்துவிடும்.

ஓரிரவு விழாவுக்கு ஆண்டு முழுக்க வேலை. கோடையில் பந்தம் கட்டத் தொடங்குவார்கள். சுமார் ஒரு மீட்டர் நீள மரக்கட்டையின் ஒரு முனையில் கிழித்த சாக்குத் துணியை இறுக்கிச் சுற்றி, மேலே கம்பி முறுக்கி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து வடியவிட வேண்டும். சுற்று தளர்ந்தால் எரியும் துணி அவிழ்ந்து பின்னால் வருபவர் மேல் விழும். வடியாமல் ஏற்றினால் எண்ணெய் கைவழியே ஒழுகும். ஆகவே பழகிய கைகளே கம்பி முறுக்கும், புதியவர்கள் துணி கிழிப்பார்கள். பந்தம் ஏந்துவோர் கம்பளி, பருத்தி உடைகளே உடுத்த வேண்டும். நைலான் பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். எரிந்து முடிந்த பந்தத்தைத் தெருவிலேயே போட்டுவிட்டு அடுத்ததை ஏற்றுவார்கள். ஊர்வலத்தின் வாலில் தள்ளுவண்டியோடு வருபவர்கள் அடிக்கட்டைகளைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டே வருவார்கள். பெருமை இல்லாத வேலை. ஆனால் அது இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு தெரு கிடைக்காது.

பணம் மதுக்கடைப் போட்டிகளிலும், பழம்பொருள் விற்பனையிலும், நிகழ்ச்சிக் குறிப்பேடு விற்றும், ஊர்வலத்தில் உண்டியல் குலுக்கியும் சேர்கிறது. அதில் பெரும்பகுதி வாணத்துக்குப் போய்விடும். விறகுக்குப் பழைய மரப்பலகைகளையும் வெட்டிய கிளைகளையும் ஊரார் கொண்டுவந்து போடுவார்கள். டயரும் வண்ணம் பூசிய மரமும் கூடாது. அடுக்கிய குவியலில் முள்ளெலிகள் குடிபுகும் என்பதால், மூட்டும் முன் கிளறிப் பார்ப்பது வழக்கம். கொட்டகைக்குள் பூட்டிவைத்து, ஆண்டின் வில்லன் யார் என்பதை ரகசியமாகக் காத்துச் செய்யும் காகிதக்கூழ் உருவம் தனி வேலை. அதன் வயிற்றுக்குள்ளேயே வாணங்களைப் பொதிந்துவிடுவார்கள். ரை நகரத்தார் உருவத்தோடு நிற்காமல் ஒரு படகையும் எரிப்பார்கள்.

விழா இரவின் வரிசை ஊருக்கு ஊர் சற்று மாறும். ஊர்வலம் முதலில் போர் நினைவுச் சின்னத்தில் நின்று மலர்வளையம் வைக்கும். முதல் உலகப்போருக்குப் பின் சேர்ந்த இந்தப் பகுதியில் மட்டும் கூட்டம் ஓசையற்றிருக்கும். பிறகு வயல், நெருப்பு, பேராயர் வேடமிட்டவரின் கேலிப் பிரசங்கம், உருவ எரிப்பு, வாணம்.

யாரை எரிப்பது என்ற கேள்வி சங்கங்களை அடிக்கடி வம்பில் இழுத்திருக்கிறது. கை ஃபாக்ஸோடு ஐந்தாம் பால் என்ற போப்பின் உருவமும் எரிவதுண்டு. 1605இல் போப்பாக இருந்தவர் அவர். க்ளிஃப் சங்கம் போப்பாண்டவர் ஆதிக்கத்தை எதிர்க்கும் பதாகையை இன்னும் தெருவில் தூக்கிச் செல்கிறது. மற்றச் சங்கங்களின் கூட்டு ஊர்வலத்தில் சேராமல் தனியே நடக்கிறது. இந்த எதிர்ப்பு உயிருள்ள பகையல்ல, பழம்பொருள் என்பது சங்கத்தாரின் வாதம். 1981இல் வட அயர்லாந்தின் புராட்டஸ்டன்ட் தலைவர் இயன் பெய்ஸ்லி இதை உயிருள்ள பகையாகவே எடுத்துக்கொண்டு லூயிஸுக்கு வந்து துண்டறிக்கை விநியோகித்தார்; அடுத்த ஆண்டு எரிந்தது அவருடைய உருவம். அந்தப் பதில் அவர்களின் வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது. ஆனால் 2003இல் ஃபெர்ல் கிராமத்தார் நாடோடிக் குடும்பம் ஒன்றை வரைந்த வண்டியை எரித்ததற்கு அப்படி எந்தச் சமாதானமும் பொருந்தாது. 12 பேர் கைதாயினர். போதிய ஆதாரமில்லை என்று வழக்குத் தொடரப்படவில்லை. ஆள்வோரை எரிப்பது ஒன்று, அக்கம்பக்கத்தில் வாழும் எளியவரை எரிப்பது வேறொன்று. தென்னாப்பிரிக்க ஜூலு மக்களைப்போல் வேடமிட முகத்தில் கருமை பூசுவதை லூயிஸ் பரோ சங்கம் 2017இல் விட்டது. விழாவுக்கு அழைக்கப்பட்ட ஜூலு நடனக் குழுவே அதற்கு மறுப்புச் சொன்ன பிறகு.

சட்டமும் நெருக்கியே வந்தது. இப்போதைய விதிகளின்படி, பெரிய பொதுக்காட்சி வாணங்களைப் பயிற்சி பெற்றவர்களே கையாளலாம். 2004 விதிகள் இரவு 11 மணிக்குமேல் வெடிக்கத் தடை விதித்தன. நவம்பர் 5 அன்று நள்ளிரவு வரையும், தீபாவளி, சீனப் புத்தாண்டு, ஆங்கிலப் புத்தாண்டு இரவுகளில் 1 மணி வரையும் விலக்கு. 2006 டிசம்பர் 3 அன்று, லூயிஸ் அருகே ஷார்ட்கேட்டில் இருந்த வாணக் கிடங்கு வெடித்து, தீயணைப்புப் படையினர் இருவர் இறந்தனர். அந்தப் படையினரோடு தோளுரசி விழா நடத்திய வட்டாரம் அது. கிராமத் தெருவை ஊர்வலத்துக்கு மூட உள்ளாட்சி மன்றங்கள் பெரும்பாலும் துணைக்கு அழைப்பது 1847ஆம் ஆண்டின் நகரக் காவல் சட்டப் பிரிவு ஒன்றை. லூயிஸில் தடியடி நடந்த அதே ஆண்டு இயற்றிய சட்டம்.

இன்று லூயிஸில் ஏழு சங்கங்கள். சுமார் 17,000 பேர் வாழும் ஊருக்குச் சில ஆண்டுகளில் அதைப்போல் பலமடங்குக் கூட்டம் திரண்டுவிட்டது. அண்மை ஆண்டுகளில் அன்று மாலை ரயில்கள் அந்த நிலையத்தில் நிற்பதில்லை, வெளியூரார் வர வேண்டாம் என்று சங்கங்களே அறிவிக்கின்றன. கிராமங்களின் கவலை நேர் எதிரானது. காப்பீட்டுக் கட்டணம், முதலுதவி ஏற்பாடு, வாணச் செலவு எல்லாம் ஏறிக்கொண்டே போக, வெளியூர்க் கூட்டத்தின் உண்டியல் காசு இல்லாமல் கணக்கு நேராகாது. தெருவில் நிற்கும் ஒழுங்காளர்களும் போதிய அளவில் வேண்டும். 2020இலும் 2021இலும் கொரோனாவால் லூயிஸ் விழா நடக்கவில்லை. 2022இல் ஊர்வலங்கள் திரும்பின.