பாடசாலையில் விவிலியமும் தோராவும்: சின்னப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

சுவிஸின் ஜேர்மன் மொழி மாநிலங்களில் பாலர் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்பு வரை ‘இயற்கை, மனிதர், சமூகம்’ என்றொரு பாடம் உண்டு. ‘லேர்பிளான் 21’ எனப்படும் 21 மாநிலங்களின் பொதுப் பாடத்திட்டத்தில் அது அடங்குகிறது. நோவாவின் பேழை, மோசே, யேசுவின் பிறப்பு ஆகிய கதைகளை எமது பிள்ளைகள் பலர் அந்த வகுப்பில்தான் முதலில் கேட்கிறார்கள். வீட்டுக்கு வந்து “அந்தப் புத்தகம் உண்மையா? எங்களிட்டையும் இருக்கா?” என்று கேட்கும்போது சில சைவ வீடுகளில் மதமாற்றப் பயம் எழுகிறது. கிறிஸ்தவ வீடுகளிலோ, தெரிந்த கதைதானே என்று பேச்சு முடிந்துவிடுகிறது.

பயத்துக்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. சுவிஸ் அரசியலமைப்பின் 15ஆம் உறுப்புரையின்படி சமயச் சடங்கில் கலந்துகொள்ளவோ சமயப் போதனையைக் கேட்கவோ எவரையும் கட்டாயப்படுத்த முடியாது. குடியியல் சட்டக்கோவையின் 303ஆம் உறுப்புரை பிள்ளையின் சமய வளர்ப்பைப் பெற்றோரிடம் விடுகிறது. 16 வயது முடிந்ததும் பிள்ளை தானே தீர்மானிக்கலாம். பாடசாலை நடத்தும் பாடம் சமயங்களைப் பற்றிய அறிவு. திருச்சபைகள் நடத்தும் சமய வகுப்பு வேறு, அது விருப்பத்துக்குரியது. பாடசாலையிலிருந்து கடிதம் வந்தால் இரண்டில் எது என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

நாவலரையும் நினைவில் வைத்திருக்கலாம். யாழ்ப்பாணத்தில் பீற்றர் பேர்சிவல் பாதிரியாருடன் சேர்ந்து விவிலியத் தமிழாக்கத்தில் பல வருடம் உழைத்தவர் அவர். அந்த நூலை அவ்வளவு நெருக்கமாகப் படித்தவர் சைவத்தை விடவில்லை.

ஐந்து, ஆறு வயதுப் பிள்ளையிடம் ‘உண்மையா, பொய்யா’ என்று தொடங்குவதில் பயனில்லை. அந்த மக்கள் தங்கள் நூலை எப்படிக் கையாளுகிறார்கள் என்பதிலிருந்து தொடங்கினால் பிள்ளைக்கு உடனே பிடிபடும். தோராவையே எடுப்போம். மோசேயின் ஐந்து நூல்களைக் கொண்ட அது தொழுகைக்கூடத்தில் புத்தகமாக இருப்பதில்லை. தோலில் இறகுப் பேனாவால் கையால் எழுதிய சுருள் அது. மரபுக் கணக்கில் 304,805 எழுத்துகள். ஓர் எழுத்து பிழைத்தாலும் திருத்தும்வரை அந்தச் சுருளைச் சபையில் வாசிக்கக்கூடாது. (பேரேட்டில் ஓர் இலக்கம் பிசகினால் சிவப்பு மையால் கோடு போட்டுத் தப்பிவிடும் எனது தொழிலில் இந்தக் கண்டிப்பு இல்லை.) வாசிப்பவர் விரலால் தொடுவதில்லை. சிறு கை வடிவ முனையுள்ள கோலால் வரியைத் தொடர்கிறார். அதன் பெயர் ‘யாட்’, எபிரேயத்தில் ‘கை’ என்று பொருள். வலமிருந்து இடமாக ஓடும் அந்த எழுத்தில் உயிர்க்குறிகள் கிடையாது. புள்ளியில்லாத ஓலைச்சுவடியை வாசித்த எமது பெரியவர்களைப் போல, வாசிக்கத் தெரிந்தவரே வாசிக்கலாம். பழுதான சுருளை எறிவதில்லை, புதைக்கிறார்கள். 1981இல் எரிந்த யாழ் நூலகத்தைப் பற்றிக் கேட்டு வளரும் பிள்ளைக்கு இதற்கு நீண்ட விளக்கம் தேவைப்படாது.

இடைக்கால ஐரோப்பாவில் யூதப் பிள்ளைக்கு எழுத்துத் தொடக்கும் நாளில் பலகையில் எழுதிய எழுத்துகள்மேல் தேன் பூசி நக்கக் கொடுப்பார்களாம். விஜயதசமியில் அரிசியில் ‘அ’ எழுதிய பிள்ளைக்கு இதைச் சொல்லிப் பாருங்கள்.

விவிலியம் பற்றிச் சொல்லும்போது ஒரு கணக்கு அடிக்கடி குழப்பும். யூதர் தங்கள் மறைநூலில் 24 நூல்கள் என்பர். புரட்டஸ்தாந்தரின் பழைய ஏற்பாட்டில் 39. உள்ளடக்கம் ஒன்றே, எண்ணும் முறைதான் வேறு. சாமுவேல், அரசர், குறிப்பேடு மூன்றும் இவ்விரண்டாகப் பிரிக்கப்பட்டன. எஸ்ராவும் நெகேமியாவும் தனித்தனியாயின. யூதர் ஒன்றாக எண்ணும் சிறிய இறைவாக்கினர் பன்னிரண்டாயினர். கூடியவை 15. கத்தோலிக்கர் மேலும் ஏழு நூல்களை ஏற்பதால் அவர்களுக்கு 46. புதிய ஏற்பாட்டின் 27 கிறிஸ்தவர் எல்லோருக்கும் பொது. ‘பழைய ஏற்பாடு’ என்பதும் கிறிஸ்தவர் வைத்த பெயர். யூதப் பிள்ளையிடம் “உங்கட பழைய ஏற்பாடு” என்பது மரியாதையல்ல. ‘தனாக்’ என்பது அவர்கள் சொல்.

இங்கே கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஒரு பொறுப்பு இருக்கிறது. பெரிய வெள்ளிக் கதையைச் சொல்லும்போது “யூதர் யேசுவைக் கொன்றார்கள்” என்று எம்மவர் இன்றும் சாதாரணமாகச் சொல்கிறார்கள். சிலுவைத் தண்டனை உரோம ஆளுநர் பிலாத்து இட்டது. யேசுவே யூதர், அவர் வாசித்ததும் அந்தச் சுருள்களைத்தான். மொத்த யூதர்மீதும் அந்தப் பழியைச் சுமத்துவதைக் கத்தோலிக்கத் திருச்சபை 1965இல் வத்திக்கான் சங்கத்தில் வெளிப்படையாக மறுத்தது. அந்த வசனத்தை எமது பிள்ளை விளையாட்டு முற்றத்தில் யூதச் சகமாணவனிடம் சொன்னால் காயம் ஆழமானது.

அந்தப் பழியின் சுவடு சுவிஸிலேயே உண்டு. 1776 தொடங்கி யூதர் நிரந்தரமாக வசிக்க அனுமதிக்கப்பட்டவை ஆர்காவ் பகுதியின் எண்டிங்கன், லெங்னவ் என்ற இரு கிராமங்கள் மட்டுமே. நாடெங்கும் குடியேறும் உரிமை 1866இல்தான் வந்தது. வதிவிட அனுமதிக்காகக் காத்திருந்த எமக்கு அது புரியாததல்ல.

எண்டிங்கனுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாம். ஊர் நடுவில் தேவாலயம் கிடையாது. 1852இல் கட்டிய யூதத் தொழுகைக்கூடத்தில்தான் மணிக்கூடும் மணியும் இருக்கின்றன. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வாசற்கதவுகள் உள்ள பழைய வீடுகளையும் காணலாம், ஒன்று யூதருக்கு, மற்றது கிறிஸ்தவருக்கு. ஏன் இரண்டு கதவு என்று பிள்ளை கேட்கும்.