புரியும் குண்டும்: 1963ஆம் ஆண்டு முடிவு, ஒரு மறுவாசிப்பு

ரைஃபிள் குழலின் உட்புரி எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று வரவேண்டும் என்பதை முதன்மையாகத் தீர்மானிப்பது குண்டின் நீளம். எடை அதற்கு அடுத்ததுதான். உல்விச் நகரில் கணிதம் கற்பித்த கிரீன்ஹில் 1879இலேயே இதற்கு விதி வகுத்துவிட்டார். ஆயினும் 5.56 மி.மீ. ரகத்தின் வரலாற்றை எழுதியோரிடம் இது தெளிவாகப் பதியவில்லை. அந்த ரகத்தைச் சேர்ந்த இன்சாஸ் ரைஃபிள் திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையிலும் உருவானது. ஆகவே இந்தக் கணக்கு நமக்கும் உரியது.

மறுக்கவேண்டிய வாசிப்பு இதழாளர் ஜேம்ஸ் ஃபாலோஸ் 1981இல் எழுதியது. யூஜின் ஸ்டோனர் வடிவமைத்த ஏ.ஆர்.15 ரைஃபிளின் புரி முதலில் 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று. 1963இல் அது 12 ஆக இறுக்கப்பட்டது. மெதுவாகச் சுழன்ற குண்டு உடலில் பட்டதும் புரண்டது, அதனால்தான் கொடிய காயம் உண்டானது. ஆர்க்டிக் குளிரைக் காரணம் காட்டி அமெரிக்க ராணுவம் அந்த வலிமையைக் கெடுத்துவிட்டது என்பது அவர் வாதம். அதே ரைஃபிளின் வெடிமருந்தை ராணுவம் மாற்றியது பற்றிய அவருடைய கண்டனத்தை நான் ஏற்கிறேன். புரி பற்றிய வாதத்தை ஏற்க இயலவில்லை.

அந்த ரைஃபிள் சுட்ட எம்193 குண்டின் எடை 55 கிரெயின், நீளம் ஏறத்தாழ 18.8 மி.மீ.; அதாவது விட்டத்தைப்போல் 3.3 மடங்கு. வேகமான குண்டுகளுக்கு, கிரீன்ஹில் தந்த 150 என்ற மாறிலிக்குப் பதில் 180 கொள்வது வழக்கம். அப்படிக் கணக்கிட்டால் கிடைப்பது 12.2 அங்குலம். தாராளமான மாறிலியைக் கொண்டாலும் 14 அங்குலம் எல்லைக்கு வெளியேதான் நிற்கிறது.

டான் மில்லரின் சூத்திரம் கொண்டு நிலைப்பு எண்ணையும் கணக்கிட்டேன். இந்த எண் 1க்குக் கீழே போனால் குண்டு காற்றிலேயே தடுமாறும். மிதமான வெப்பநிலையில் 14 அங்குலப் புரிக்கு ஏறத்தாழ 1.01, 12 அங்குலப் புரிக்கு 1.37 வருகின்றன. மைனஸ் 54 டிகிரி செல்சியஸில் காற்றின் அடர்த்தி 1.3 மடங்காகிறது. அப்போது முன்னது 0.77க்குச் சரிய, பின்னது 1.04இல் நிற்கிறது. புரியை இறுக்கியதால் நிலைப்பு கூடியது 1.36 மடங்கு, குளிரால் குறைவது 1.3 மடங்கு. இந்தப் பொருத்தம் தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. குளிரை வெறும் சாக்கு என்று ஒதுக்குவோர் முதலில் இந்த எண்களுக்குப் பதில் சொல்லவேண்டும்.

இனிக் காயம். தசையின் அடர்த்தி காற்றைப்போல் எண்ணூறு மடங்குக்கு மேல். நிலைப்பு எண் 1.01 ஆனாலும் 1.37 ஆனாலும் தசைக்குள் அது ஒன்றுக்கும் உதவாது. குண்டு புரண்டே தீரும். காய ஆய்வாளர் மார்ட்டின் ஃபேக்லர் பின்னாளில் ஜெலட்டினில் நடத்திய சோதனைகளில், ஏ.ஆர்.15இன் ராணுவ வடிவமான, 12 அங்குலப் புரியுள்ள எம்16ஏ1 சுட்ட எம்193 குண்டும் சுமார் 12 செ.மீ. ஆழத்தில் புரண்டு சிதறியது. ஏகே ரைஃபிளில் அவர் கண்டது இன்னும் வலுவான சான்று. எஃகு உள்ளீடு கொண்ட சோவியத் குண்டு சுமார் 26 செ.மீ. சென்ற பிறகே புரண்டது. ஈய உள்ளீடு கொண்ட யூகோஸ்லாவியக் குண்டு 9 செ.மீ. அளவிலேயே புரண்டது. இரண்டும் ஏறக்குறைய ஒரே எடை. குழலின் புரியும் ஒன்றே. வேறுபாடு குண்டின் அமைப்பில்தான் இருந்தது. திருச்சி அசால்ட் ரைஃபிளும் ஏகேயின் அதே 7.62×39 ரகம்தான்.

ஃபாலோஸ் தரப்பில் ஒன்றை மட்டும் தள்ளிவிட முடியாது. நிலைப்பு எண் விளிம்பில் இருந்தால் குண்டு சற்றே சாய்ந்த நிலையில் இலக்கில் படலாம். புரளலும் சீக்கிரம் தொடங்கலாம். ஆனால் வியட்நாமிலிருந்து 1962இல் வந்த காய விவரங்கள் அனைத்தும் பழைய புரி ரைஃபிள்கள் தந்தவை. ஒப்பிட்டுப் பார்க்க 12 அங்குலக் குழல் அன்று களத்தில் இல்லை. ஒரு தரப்பை மட்டும் காட்டும் அந்தச் சான்றைக்கொண்டு புரிதான் காரணம் என்று நிறுவ முடியாது. சாய்வின் பங்கு எவ்வளவு என்ற கேள்வியைத் திறந்தே விடுகிறேன்.

அடுத்த மாற்றமும் இதே விதியைப் பின்பற்றியது. 1980இல் நேட்டோ ஏற்ற எஸ்.எஸ்.109 குண்டில் எடை 13 சதவீதம் கூடியது. நீளமோ சுமார் 23 மி.மீ. ஆகி, 22 சதவீதம் கூடியது. 12 அங்குலப் புரியில் அதன் நிலைப்பு எண் 0.85தான். எம்16ஏ2 ரைஃபிளில் புரி 7 அங்குலமாக இறுகியதற்கு அதனினும் நீண்ட ஒளிர்குண்டே காரணம், எஸ்.எஸ்.109க்கு மட்டும் அவ்வளவு இறுக்கம் தேவைப்பட்டிராது.

நீளம் விட்டத்தைப்போல் ஏறத்தாழ ஆறு மடங்கைத் தாண்டினால் சுழற்சி மட்டும் கைகொடுப்பது அரிது. திருச்சியிலேயே ஹெச்.ஏ.பி.பி. தொழிற்சாலை உருவாக்கிய டங்ஸ்டன் ஊடுருவிகள் அந்த எல்லைக்கு அப்பால் உள்ளவை. டாங்கிப் பீரங்கியிலிருந்து பாயும் அந்த நீண்ட தண்டுகளை நேராகச் செலுத்துவது வால் துடுப்பு.

ஆகவே, எந்தக் குண்டுக்காக என்று சொல்லாமல் ஒரு புரியை நல்லது என்றோ கெட்டது என்றோ எழுதுவது வரலாறாகாது. 1963ஆம் ஆண்டு முடிவு எம்193 குண்டுக்குச் சரியானது, எஸ்.எஸ்.109 வந்ததும் அதே புரி போதாமல் போனது.