மலையேறிய கச்சேரி

விடுமுறை பெற்று ஊருக்குப் போயிருக்கும் உத்தியோகஸ்தர், காரியாலயத்திலிருந்து வரும் மின்னஞ்சலைத் திறந்து பார்க்கலாமா, கூடாதா என்பது கைப்பேசி வந்த பிறகு முளைத்த கேள்வி என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில், ஓய்வுக்காகச் சென்ற இடத்துக்கும் உத்தியோகம் பின்தொடர்ந்து செல்லும் வழக்கத்துக்கு நம் நாட்டில் ஏறக்குறைய இருநூறு ஆண்டுச் சரித்திரம் உண்டு. அதன் முக்கியமான சம்பவங்கள் சில நீலகிரியின் உச்சியிலே, உதகமண்டலத்திலே நிகழ்ந்தன. அவற்றைச் சற்று நிதானமாக ஆராய்ந்தால், ஓய்வில் இருப்பவனை வேலைக்கு அழைப்பது ஒவ்வொரு காலத்திலும் எவ்வளவு சிரமமாக இருந்தது, அந்தச் சிரமத்தை யார் சுமந்தார்கள் என்பது விளங்கும். இன்றைய கேள்விக்கும் அதுவே திறவுகோல்.

கிழக்கிந்தியக் கும்பினியாரின் ஆட்சியில் உத்தியோகஸ்தரின் ஓய்வை நிர்ணயித்தது பூகோள எல்லை. உடல்நலம் கெட்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறியவர் தாம் வகித்த பதவியை இழக்க நேர்ந்தது. நன்னம்பிக்கை முனையோ கும்பினியின் சாசன எல்லைக்குள் அடங்கியதாகக் கருதப்பட்டமையால், அங்கே போய்த் தங்கியவருக்குப் பதவியும் நிலைத்தது, படியும் கிடைத்தது. ஆகவே காய்ச்சலாலும் வெப்பத்தாலும் நலிந்த துரைமார் பலர் ஆப்பிரிக்காவின் தென்கோடியில் மாதக்கணக்கில் தங்கி, உடம்பைத் தேற்றிக்கொண்டு திரும்பினார்கள். பாய்க்கப்பல் கொண்டுவந்தால்தான் கடிதம் என்றிருந்த அக்காலத்தில், முனையிலே காற்று வாங்கிக்கொண்டிருந்த ஒரு கலெக்டரிடம் சென்னையிலிருந்து யாரும் அவசர யோசனை கேட்டிருக்க முடியாது. எந்தச் சட்டமும் இல்லாமலே, இடையிலிருந்த கடல் அவருடைய ஓய்வைக் காத்தது.

கோயமுத்தூர்க் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் 1819-இல் நீலகிரி மீது ஏறி அதன் குளிர்ச்சியில் மனம் பறிகொடுத்ததும், சில ஆண்டுகளுக்குள் தோதவர்களின் மேய்ச்சல் நிலத்தில், பின்னர் ‘கல் பங்களா’ என்று அறியப்பட்ட வீட்டைக் கட்டிக்கொண்டதும், இந்த நிலைமையை மாற்றிவிட்டன. நோயாளிகள் இனிக் கடல் கடக்க வேண்டியதில்லை, மலையேறினாலே போதும் என்ற அபிப்பிராயம் பரவியது. சென்னை கவர்னர் சர் தாமஸ் மன்றோவே 1826-இல் அங்கு சென்று சல்லிவனின் விருந்தாளியாகத் தங்கினார். ஓய்வு நெருங்கி வந்தது என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள். ஓய்வு நெருங்கி வந்தால் அழைப்பும் கூடவே நெருங்கி வரும் என்பதை அப்போது யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

எட்டே ஆண்டுகளில் அது தெரிந்துவிட்டது. 1834-இல் கவர்னர் ஜெனரல் வில்லியம் பெண்டிங்க் பிரபு உடல்நலம் குன்றி உதகையில் தங்கியிருந்தார். அவருடைய ஆலோசனைச் சபையில் சட்ட அங்கத்தினராக நியமனம் பெற்று அவ்வாண்டு ஜூன் மாதம் சென்னையில் வந்திறங்கிய மெக்காலே, கல்கத்தாவுக்குப் போகுமுன் மலைக்கு வரும்படி உத்தரவு கிடைக்கவே, சுமார் 400 மைல் தூரத்தைப் பல்லக்கிலே கடந்து உதகையை அடைந்தார். பிரபுவின் ஓய்வு விடுதி இந்தியா முழுவதையும் ஆளும் கச்சேரியாயிற்று. சட்டசபை வரலாறு எழுதுவோர் இந்தப் பிரயாணத்தில் பெண்டிங்கையும் மெக்காலேயையும் மட்டுமே காண்கின்றனர். விடுமுறையின் வரலாற்றை எழுதப்புகும் நாமோ, அந்த 400 மைலும் மெக்காலேயைத் தோளில் சுமந்து வெயிலிலும் மழையிலும் நடந்த, பெயர் தெரியாத போகிகளைக் காண்கிறோம். ஓய்வெடுத்தவர் ஒருவர், அவர் ஓய்வெடுத்துக்கொண்டே ஆட்சி நடத்தும் பொருட்டுத் தோள் கொடுத்தவர்கள் வேறு பலர்.

அடுத்த மாறுதலைக் கொண்டுவந்தவர் பின்னாளில் கவர்னர் ஜெனரலான டல்ஹௌஸி பிரபு. ஓஷானஸி என்ற வைத்தியரின் மேற்பார்வையில் அவர் போடச் செய்த தந்திக் கம்பிகள், முதல் சில ஆண்டுகளுக்குள்ளேயே கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், சென்னை ஆகிய பெருநகரங்களோடு உதகமண்டலம் என்ற சிற்றூரையும் இணைத்தன. 1855-இல் தாமே நோயுற்ற டல்ஹௌஸி, நீலகிரிக்கு வந்து உதகையிலும் கோத்தகிரியிலும் பல மாதங்கள் தங்கியபோதும், ராஜ்ய காரியங்கள் அவரை விட்டபாடில்லை. தூரத்தைக் கொன்ற மனிதரே தூரம் அளித்த நிம்மதியை முதலில் இழந்தவர்களில் ஒருவரானார் என்பது சரித்திரத்தின் விநோதங்களில் ஒன்று. எனினும் தந்திக்கு ஒரு நற்குணம் இருந்தது. சொல்லுக்குச் சொல் காசு கொடுத்தாக வேண்டியிருந்தமையால், அடிக்குமுன் அனுப்புகிறவர் ‘இது அவசியந்தானா?’ என்று தம்மையே ஒருமுறை கேட்டுக்கொண்டார்.

1870-களிலிருந்து சென்னை ராஜதானி அரசாங்கம் வெயிற்காலந்தோறும் உதகைக்குக் குடிபெயர்வது ஒரு சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது. சல்லிவனின் கல் பங்களா அரசாங்கக் காரியாலயமாயிற்று. 1875 முதல் 1880 வரை கவர்னராயிருந்த பக்கிங்ஹாம் கோமகன், தாது வருஷப் பஞ்சம் சமவெளியை வாட்டிய அதே ஆண்டுகளில், மலைமேல் விசாலமான கவர்னர் மாளிகையை எழுப்பினார். மேட்டுப்பாளையத்திலிருந்து பற்சக்கர ரயில் 1899-இல் குன்னூரையும் 1908-இல் உதகையையும் எட்டியதும், கச்சேரியின் ஏற்ற இறக்கம் இன்னும் சுலபமாயிற்று. கோப்புகளும், கோப்புகளைக் கட்டுகிற குமாஸ்தாக்களும், அவற்றைத் தூக்குகிற டவாலிச் சேவகர்களும் கவர்னரோடு கூடவே ஏறினார்கள். பிரஜைகள் சமவெளியில் வெந்துகொண்டிருக்க, ஆள்வோர் மேகத்தில் அமர்ந்திருப்பது முறையா என்று சுதேசிப் பத்திரிகைகள் கண்டித்தன.

அக்கண்டனத்தில் அதிகம் பேசப்படாத ஒரு நியாயமும் உண்டு. கவர்னர் காலையில் குதிரையேற்றம், பகலில் இரண்டு மணி நேரம் கோப்பு, மாலையில் விருந்து என்று தம் பொழுதைத் தாமே வகுத்துக்கொள்ளலாம். ஓய்வும் உத்தியோகமும் கலந்த அந்த வாழ்க்கை அவருக்கு இன்பமே. கூடச் சென்ற குமாஸ்தாவுக்கோ அது குளிரில் நடக்கும் கச்சேரி, அவ்வளவுதான்; மேலதிகாரி விருந்திலிருந்து திரும்பிக் கையெழுத்திடும் வரையில் அவர் காத்திருக்க வேண்டியவரே. இன்றும் கடற்கரை விடுதியில் நாற்காலி போட்டு அமர்ந்தபடி, ‘எனக்கு இது ஒரு சிரமமே இல்லை’ என்று உற்சாகமாக மின்னஞ்சல் அனுப்புகிற மேலாளர் சொல்வது பொய்யல்ல. ஆனால் அதைப் பெறுகிறவர், தம் ஊரில் தங்கையின் கல்யாணப் பந்தலில் நின்றுகொண்டு அதைப் படிக்கிறார் என்பதை அவர் எண்ணிப்பார்ப்பதில்லை.

இத்தகைய அதிகார வர்க்கமே, விந்தையாக, விடுமுறையைக் குலைப்பதற்கும் ஓர் ஒழுங்கை எழுதிவைத்தது. 1922-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் அமலுக்கு வந்த அரசாங்க ஊழியர்களுக்கான அடிப்படை விதிகளில் 67-ஆவது விதி, விடுப்பை உரிமையாகக் கோர முடியாது என்றும், பொதுப்பணியின் தேவையை முன்னிட்டு அதை மறுக்கவோ ரத்து செய்யவோ அதிகாரிக்கு உரிமை உண்டு என்றும் கண்டிப்பாகச் சொல்கிறது. இதை மட்டும் படித்தவர்கள் அக்கால அரசாங்கம் இரக்கமற்றது என்று முடிவுகட்டிவிடுவார்கள். ஆனால் 70-ஆவது விதியையும் படிக்க வேண்டும். விடுப்பில் இருப்பவரைத் திரும்ப அழைக்கும் உத்தரவு, அவர் திரும்புவது கட்டாயமா அல்லது அவர் விருப்பத்துக்கு உட்பட்டதா என்பதைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும். கட்டாயமென்றால், உள்நாட்டில் விடுப்பைக் கழிப்பவர் வேலை பார்க்கும் ஊரை நோக்கிப் புறப்படும் நாளிலிருந்தே பணியில் இருப்பவராகக் கருதப்படுவார், பயணப்படியும் பெறுவார். கடல் கடந்து சென்றிருப்பவர் இந்தியா திரும்புவதற்கான கப்பல் கட்டணம் அரசாங்கத்தின் பொறுப்பு. அவர் விடுப்பின் பெரும்பகுதியை அனுபவிக்காதிருந்தால், போன பிரயாணத்தின் செலவையும் அரசாங்கமே திருப்பித் தர வேண்டும்.

இவ்விதிகளின் உட்பொருளை ஊன்றிக் கவனித்தால், விடுப்பைக் குலைக்கலாம், ஆனால் ஒருவர் கையெழுத்திட்டுக் குலைக்க வேண்டும், அதற்கு விலை கொடுத்துக் குலைக்க வேண்டும், குலைந்த நாள் விடுப்புக் கணக்கில் சேராமல் பணிக்கணக்கில் சேரவேண்டும் என்ற மூன்று நியாயங்கள் அவற்றில் பொதிந்திருப்பது புலப்படும்.

ஆலைத் தொழிலாளர்களுக்கு இந்த நியாயம் போராட்டத்தின் வழியாக வந்தது. பம்பாயில் நாராயண் மேகாஜி லோகாண்டே நடத்திய நெடுங்கிளர்ச்சியின் பயனாக 1890 ஜூன் மாதம் ஆலை முதலாளிகள் ஞாயிற்றுக்கிழமை ஓய்வுக்கு இணங்கினார்கள்; மறு ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வார ஓய்வை ஏற்றது. 1936-இல் பிரான்சில் லியோன் பிளூம் மந்திரிசபை, தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுமுறை அளித்தது. அதே ஆண்டில் சர்வதேசத் தொழில் ஸ்தாபனமும் சம்பளத்தோடு கூடிய விடுமுறைக்கு ஓர் உடன்படிக்கை வகுத்தது. சுதந்திர இந்தியாவின் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 20 நாள் உழைப்புக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்தோடு விடுப்பு என்று விதித்ததோடு, வார ஓய்வு நாளில் வேலை வாங்கினால் ஈடாக வேறொரு நாளை ஓய்வாகக் கொடுத்தே ஆகவேண்டும் என்றும் கட்டளையிட்டது. இங்கும் நியாயம் ஒன்றுதான்: எடுத்த நாளைத் திருப்பிக் கொடு.

1995 ஆகஸ்ட் 15 அன்று இணையம் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டு, பின்னர் மின்னஞ்சல் கைப்பேசிக்குள்ளும் புகுந்தபோது, பழைய நியாயம் யாரும் ரத்து செய்யாமலே செயலற்றுப் போயிற்று. அனுப்பக் காசில்லை, ஆகவே அவசியந்தானா என்ற யோசனையும் இல்லை. ‘நேரம் கிடைக்கும்போது ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்’ என்று எழுதினால், அது உத்தரவா, வேண்டுகோளா என்று சொல்ல வேண்டியதில்லை. விடுப்பில் இருப்பவரோ பார்த்தாலும் விடுப்பிலேயே இருக்கிறார். அவர் செலவிட்ட இரண்டு மணி நேரம் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. போகிகளின் தோளும், தந்திக் கட்டணமும், கப்பல் செலவும் சுமந்த பாரம் முழுவதும் இப்போது அழைக்கப்படுகிறவர் மீதே இறங்கிவிட்டது.

இந்த அநீதியை முதலில் உணர்ந்த தேசங்களுள் பிரான்சும் ஒன்று. வேலைக் கோப்புகளை வீட்டுக்குக் கொண்டுசெல்லும் கடமை ஊழியருக்கு இல்லை என்று அந்நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் 2001-இல் தீர்ப்பளித்தது. வேலை நேரத்துக்கு வெளியே சொந்தக் கைப்பேசியில் வந்த அழைப்பை எடுக்காதது குற்றமாகாது என்று 2004-இல் ஓர் ஆம்புலன்ஸ் ஓட்டுநரின் வழக்கில் கூறியது. 2017 முதல், 50 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள ஸ்தாபனங்கள் தொடர்பைத் துண்டித்திருக்கும் உரிமையைப் பற்றி அவர்களோடு பேச்சு நடத்த வேண்டும் என்பது சட்டமாயிற்று. ஜெர்மனியின் டைம்லர் கம்பெனி 2014-இல் வேறொரு வழி கண்டது: விடுமுறையில் இருக்கும் ஊழியர் விரும்பினால், அவருக்கு வரும் மின்னஞ்சல் தானே அழிந்துவிடும், அனுப்பியவருக்கு, இன்னாரை அணுகுக என்ற பதில் போகும். திரும்பி வருகிறவர் கடிதக் குவியலைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அனுப்பியவர்தான் மறுபடி எழுதுவதா என்று யோசிக்க வேண்டும். நம் பாராளுமன்றத்திலும் 2018-இல் சுப்ரியா சுலே இவ்வுரிமைக்காகத் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை.

இவற்றுக்கெல்லாம் எதிராக ஒரே ஆட்சேபம் திரும்பத் திரும்ப எழுப்பப்படுகிறது: அவர் இல்லாவிட்டால் வேலை நின்றுவிடும் என்பது. இதற்குப் பதில் பாரத ரிசர்வ் வங்கியின் 2021-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையிலேயே இருக்கிறது. முக்கியமான பொறுப்புகளில் உள்ள வங்கி ஊழியர்கள் ஆண்டுக்கொரு முறை, முன்னறிவிப்பின்றி, தொடர்ந்து குறைந்தது 10 வேலை நாட்கள் கட்டாயமாக விடுப்பில் அனுப்பப்பட வேண்டும்; அந்நாட்களில் தம் பணி சம்பந்தமான எதையும் அவர்கள் நேரிலோ கணினி வழியாகவோ தொடக்கூடாது. மோசடியைக் கண்டுபிடிப்பதற்காக வகுத்த ஏற்பாடு இது. பொதுவான அலுவலக மின்னஞ்சலுக்கு மட்டும் இதிலும் விதிவிலக்கு இருக்கிறது. ஆயினும் கோடிக்கணக்கான ரூபாய் புழங்கும் மேஜையிலிருந்து ஒருவரைத் திடீரென்று எழுப்பிவிட்டு, பத்து நாள் வேலையை வேறொருவரைக் கொண்டு நடத்த முடியுமென்றால், மற்றக் காரியாலயங்கள் தங்களால் முடியாது என்று சொல்வது அவற்றின் ஏற்பாட்டுக் குறையையே காட்டுகிறது.

வெள்ளம் வரும், மின்சாரம் தடைப்படும், ஆஸ்பத்திரியில் ஓர் உயிர் ஊசலாடும். அத்தகைய சமயங்களில் விடுப்பில் இருப்பவரைக் கூப்பிடத்தான் வேண்டும். அப்போது ஒரு மேலதிகாரி தம் பெயரால் தொலைபேசியில் அழைக்கட்டும். கட்டாயமா, விருப்பமா என்று சொல்லட்டும். அந்த நாளை வேலை நாளாகக் கணக்கெழுதி, விடுப்பில் ஒரு நாளைத் திருப்பிக் கொடுக்கட்டும். அப்படி அழைக்கத் துணியாத விஷயம் எதுவோ, அது ஊழியர் ஊரிலிருந்து திரும்பும் வரையில் காத்திருக்கக்கூடிய விஷயமே. ஆகவே விடுமுறையில் இருப்பவர் மின்னஞ்சலைத் திறக்க வேண்டியதில்லை என்பதே நம் முடிவு. நம்மை அடிமைப்படுத்தி ஆண்ட ஓர் அந்நிய அரசாங்கம் தன் ஊழியருக்கு 1922-இல் எழுத்தில் ஒப்புக்கொண்ட மரியாதையை, நாமே நடத்தும் ஸ்தாபனங்கள் நம் ஊழியருக்கு மறுப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.